கட்டாத பிராது

1

செவ்வாய்க்கிழமை காலை, காப்பிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே எனக்கென்று இருக்கும் இருபது நிமிடத்தில், என் மடிக்கணினி நின்றுபோனது. பொத்தானை அழுத்தினேன். உள்ளே இருக்கும் சின்னக் காற்றாடி ஒரு மூச்சு இழுத்தது. விட்டது. திரை கறுப்பாகவே இருந்தது. அதில் என் முகம் மட்டும் தெரிந்தது. தூக்கம் கலையாத, தாடி வெளுத்த முகம்.

நான் செய்த முதல் காரியம், அதைத் தூக்கி நடுவிரல் முட்டியால் முதுகில் தட்டிப் பார்த்தது.

"அது கப்பு இல்லப்பா" என்றாள் என் மகள் நிலா. சொன்னது ஜெர்மன் மொழியில். பதினாறு வயது. "அப்பா" மட்டும்தான் இன்னும் தமிழில் வருகிறது.

விருத்தாசலத்துக்காரர்களின் கைக்கு இப்படி ஒரு வியாதி. பீங்கான் சூளையிலிருந்து வரும் எதையும், கோப்பையோ பொம்மையோ மின்சார ஃபியூஸ் கட்டையோ, தட்டிப் பார்த்துத்தான் எடுப்போம். நல்ல சரக்கு மணி போலப் பாடும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் 'டொக்' என்று வாயை மூடிக்கொள்ளும். ஜெர்மனிக்கு வந்த புதிதில் ஒரு கடையில் பன்னிரண்டு தட்டுகளை வரிசையாகத் தட்டினேன். கடைக்காரம்மா ஓடிவந்தார். உடைந்திருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று சொல்ல வாயெடுத்து, உடைக்கப் பார்க்கிறேன் என்று சொல்லித் தொலைத்தேன். அந்தக் கடைப் பக்கம் என் மனைவி இரண்டு வருடம் போகவில்லை.

மடிக்கணினி 'டொக்' என்றது.

"புதுசு வாங்கிடு. இதை யாராவது பார்த்தா மியூசியத்துக்குக் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள் நிலா. அவள் சொன்னதில் தப்பில்லை. பதினைந்து வருடப் பழசு. எடை ஒரு குழந்தையின் எடை. தட்டெழுத்துகளின் மேல், கையால் வெட்டி ஒட்டிய தமிழ் எழுத்துகள். அவற்றில் பாதி தேய்ந்துவிட்டன, 'ழ' என்றைக்கோ உதிர்ந்துவிட்டது. ஆனாலும் பத்திரிகையின் இந்தப் பத்தியில் நீங்கள் என் பெயரில் படித்த ஒவ்வொரு வரியும் அந்தத் தேய்ந்த எழுத்துகளின் மேல் நடந்து வந்ததுதான்.

2

அந்த எழுத்துகளை வெட்டி ஒட்டியவன் கொளஞ்சி.

எங்கள் ஊரில் ஒரு கூட்டத்தின் நடுவே "கொளஞ்சி" என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்புவார்கள். பக்கத்து மணவாளநல்லூரில் கோயில் கொண்டிருக்கும் கொளஞ்சியப்பரின் பெயர். இவன் என்னோடு ஒரே பெஞ்சில் படித்த கொளஞ்சி. பத்தாவதோடு நின்று செராமிக் எஸ்டேட்டில் ஒரு யூனிட்டில் சரக்குத் தட்டிப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தான். நான் செராமிக் டிப்ளமோ முடித்து அதே யூனிட்டுக்குச் சூப்பர்வைசராகப் போனேன். காதில் எப்போதும் ஒரு துண்டுப் பென்சில் வைத்திருப்பான். வேகாத சரக்கின் அடியில் பென்சிலால் ஒரு கோடு போடுவான். யார் பார்த்தது என்பதற்கு அடையாளம். சூளையில் வெந்ததும் கோடு காணாமல் போய்விடும்.

"எழுதுனத தீ தின்னுடுதுடா, அப்புறம் எதுக்கு எழுதுற?" என்று கேட்டிருக்கிறேன்.

"வேவுற வரைக்கும் இருந்தா போதும்" என்பான்.

ஒருநாள் ஒரு சூளைச் சரக்கு மொத்தமும் வெடித்தது. கொளஞ்சிக்கு வேலை போனது. அந்தக் கதையை இந்தப் பத்தியிலேயே எட்டு வருடங்களுக்கு முன் எழுதியிருக்கிறேன், சிலருக்கு நினைவிருக்கலாம். அதை இங்கே வேண்டுமென்றே தள்ளிப் போடுகிறேன். இந்தக் குறிப்பு முடிவதற்குள் அது வந்தே ஆக வேண்டும்.

வேலை போனவன், சூளையின் சூடு காட்டும் மீட்டர்களைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்ட கைப்பழக்கத்தில், பாலக்கரை பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்டான். நான் ஜெர்மனிக்குக் கிளம்பியபோது இந்த மடிக்கணினியை வாங்க என்னோடு வந்ததும், கடைக்காரரிடம் சண்டை போட்டு மவுஸும் பையும் வாங்கித் தந்ததும் அவன்தான். இரண்டு நாள் உட்கார்ந்து தமிழ் எழுத்துகளை வெட்டி ஒட்டினான். "அங்க போயி தமிழ மறந்துட்டன்னு சொல்லிடாத, ராசு. தடவிப் பாத்தாவது எழுது" என்றான்.

3

இங்கே எதை உடைத்தாலும் முதலில் ஒரு தேதி வாங்க வேண்டும். நகரத்துப் பெரிய கடையில் ஒன்பது நாள் கழித்து ஒரு தேதி தந்தார்கள். நான் நான்கு நிமிடம் முன்னதாகப் போய்விட்டதால் நான்கு நிமிடம் வெளியே நிற்கச் சொன்னார்கள். உள்ளே இருந்த இளைஞன் கணினியின் வயதைக் கேட்டான். சொன்னேன். அதைத் தொடாமலே ஒரு தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தான்: பொருளாதார ரீதியில் முழுச் சேதம்.

அதாவது, பழுது பார்க்க முடியும். ஆனால் பார்ப்பது கட்டுப்படியாகாது. எங்கள் எஸ்டேட்டில் மனிதர்களுக்கே இதைச் சொல்லி அனுப்பிய நாள்கள் நினைவுக்கு வந்தன. முத்திரைதான் குத்தவில்லை.

பிறகு, தேவாலயக் கூடம் ஒன்றில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடும் பழுதுபார்ப்போர் கூட்டத்தைப் பற்றி என்னோடு வேலை செய்பவர் சொன்னார். ஓய்வு பெற்ற கிழவர்கள் சும்மாவே பார்த்துத் தருவார்கள். நாம் ஒரு கேக் கொண்டுபோனால் மரியாதை. நான் ரவா கேசரி கொண்டுபோனேன். அங்கேயும் ஒரு படிவம் இருந்தது. பொருளின் பெயர், வயது, பழுதின் தன்மை. பழுது அதிகமானால் யாரையும் குறை சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து. பழுதின் தன்மை என்ற இடத்தில், 'எழுப்பினால் எழவில்லை' என்று நம் வழக்கப்படி ஜெர்மனில் எழுதினேன். அதைப் படித்த வெர்னர் என்ற கிழவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "என் மனைவியும் என்னைப் பற்றி இதையேதான் சொல்கிறாள்" என்றார்.

கேசரியை மூன்று கரண்டி சாப்பிட்டார். பிறகு அடிமூடியின் திருகுகளைக் கழற்றி ஒரு பீங்கான் தட்டில் வரிசையாக வைத்தார். உள்ளே ஒரு டார்ச்சை அடித்துப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"உங்கள் கணினியில் இருக்கும் டிஸ்க், கணினியைவிட மூத்தது. தெரியுமா?"

புரியவில்லை. அவர் விரலால் காட்டினார். டிஸ்க்கின் மேல் அச்சடித்திருந்த வருடம் நான் கணினி வாங்கியதற்கு மூன்று வருடம் முந்தியது. கொள்ளளவும் வெளியே ஸ்டிக்கரில் போட்டிருந்ததில் பாதி.

"யாரோ மாற்றியிருக்கிறார்கள்" என்றார் வெர்னர். "சுத்தமான வேலை. நான்கு திருகும் இருக்கிறது. தொழில் தெரிந்த கை."

அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரியும். இந்தக் கணினியைத் திறந்த கை உலகத்தில் ஒன்றுதான்.

4

ஆறு வருடங்களுக்கு முன் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது கணினி அடிக்கடி நின்றது. கொளஞ்சியிடம் கொடுத்தேன். மூன்றாம் நாள் திருப்பித் தந்தபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடையில் கூட்டம் என்று நினைத்தேன்.

"ஃபைலுங்க ஒண்ணும் தொறக்கலடா. செத்துப் போச்சி. மெஷின் ஓடும்" என்றான்.

"டிஸ்க்கு?"

"அதே டிஸ்க்குதான். தூசி தட்டியிருக்கேன்."

ஒன்பது வருட எழுத்து. அச்சில் வந்தவை எப்படியும் பிழைத்தன. போனது வேறு ஒன்று. நிலா பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவள் தமிழில் சொன்னதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வந்தேன். முதல் பனி பெய்தபோது ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "அப்பா, யாரோ மேல மாவு சலிக்குறாங்க" என்றாள். டிசம்பரில், "சூரியனுக்கு எத்தினி நாளு லீவு?" என்றாள். இப்படி நூற்றுக்கணக்கில். இந்த இரண்டும்தான் என் தலையில் தங்கின. மீதியெல்லாம் அந்த டிஸ்க்கில் இருந்தன. பள்ளிக்கூடம் அவளை இழுத்துக்கொண்டபின் அவள் தமிழ் வருடத்துக்கு ஒரு விரற்கடை தேய்ந்து, இன்று 'அப்பா'வில் வந்து நிற்கிறது. என் மகள் ஒரு காலத்தில் தமிழில் பேசினாள் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அந்தக் கோப்பு.

அது செத்துவிட்டது என்று அவன் சொன்னான். நம்பினேன். ஆறு வருடம் துக்கம் காத்தேன், அவனோடு இருந்த பேச்சும் பண்டிகை வாழ்த்தோடு சுருங்கிப்போனது. இப்போது, தேவாலயக் கூடத்தில் கேசரி வாசனைக்கு நடுவே, அது சாகவே இல்லை, எடுத்துக்கொள்ளப்பட்டது என்று தெரிகிறது.

எதற்கு எடுத்தான்? நல்ல டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கழித்துப்போட்ட கிழட்டு டிஸ்க்கை எனக்கு மாட்டிவிட்டான். வேறென்ன இருக்க முடியும்? வெளிநாட்டுக்காரன், அவனுக்கென்ன, இன்னொன்று வாங்கிக்கொள்வான். என் மகளின் மழலை சேத்தியாத்தோப்பில் யாரோ ஒரு நெல் வியாபாரியின் கணினிக்குள், மூட்டைக் கணக்குகளின் அடியில் அழிந்து கிடக்கிறது. பஸ்ஸில் வீடு திரும்பும்போது இப்படியே கதை கட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவன் இன்னும் கொஞ்சம் கெட்டவனானான். அந்நியர்கள் என்னை எத்தனையோ முறை ஏமாற்றியிருக்கிறார்கள். கோபம் வந்தது, போனது. இது கோபமாக வரவில்லை. நெஞ்சுக்குள் எங்கோ ஓரிடத்தைத் தட்டினால் 'டொக்' என்றது.

வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "என் டிஸ்க்கை என்ன பண்ணுன?" படித்துவிட்டான் என்று இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் இல்லை. போன் செய்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுநாள், "உன்னை அண்ணன் தம்பியா நெனச்சேன்" என்று எழுதினேன். நீலக் கோடுகள். பதில் இல்லை.

5

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் இருக்கும் என் அக்கா மங்கையிடம் சொன்னேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பிராது கட்டிடலாம்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொளஞ்சியப்பர் கோயிலில் சாமியிடம் மனுக் கொடுக்கலாம். போலீஸ் ஸ்டேஷனில் எழுதுவதுபோலவே பெயர், ஊர், நடந்த அநியாயம், செய்தவன் பெயர் எல்லாம் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். சாமி வந்து விசாரிக்க வேண்டுமே, ஊர் எவ்வளவு தூரம் என்றும் கேட்பார்கள். அந்தத் தாளைச் சன்னிதியில் கட்டிவிட்டு வந்தால் சாமி விசாரிப்பார். காரியம் முடிந்ததும் போய்ப் பிராதைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு நம் பக்கம் திரும்பும் என்று ஒரு பயம் ஊரில் உண்டு.

நான் பகுத்தறிவு பேசித் திரிந்தவன். ஆனால் ஒன்பது நாள் கழித்துத் தேதி தரும் கடையையும் நீலக் கோடுகளையும் பார்த்தபின், மனுவை உடனே வாங்கிக்கொள்ளும் ஒரே அலுவலகம் அதுதான் என்று பட்டது. "கட்டிடுக்கா" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை அவள் கோயிலிலிருந்தே கூப்பிட்டாள். பின்னால் ஆடு கத்தும் சத்தம்.

"ஜெர்மனி எத்தினி கிலோமீட்டருன்னு கேக்குறாங்கடா."

"ஏழாயிரத்துக்கு மேல வரும்க்கா."

"ஐயோ, எழுதுறவரு சிரிக்கிறாருடா. சாமி பிளைட்டுலதான் வரணும்ங்கிறாரு. நம்ம வூட்டு அட்ரஸே போட்டுடறேன், சாமிக்கு அலைச்சல் வேணாம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எதிரி பேரு கொளஞ்சின்னு போடவா? கொளஞ்சியப்பருகிட்ட கொளஞ்சி மேலயே பிராது குடுக்கற மொதல் ஆளு நாமதான்டா."

"போடுக்கா."

"நல்லா யோசிச்சியா? உன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்ட பையன்டா அவன்."

"போடு" என்றேன்.

போட்டாள். கட்டினாள்.

6

அடுத்த மாதச் சனிக்கிழமை வெர்னரிடம் போனேன். இந்த முறை கேசரியை எதிர்பார்த்துக் கரண்டியோடு இருந்தார். வேறு யாரோ தூக்கிப் போட்ட இதே மாதிரிக் கணினி ஒன்றை எனக்காகத் தேடி வைத்திருந்தார். "உங்களுடையதில் மின்சாரம் போகும் பலகை எரிந்துவிட்டது. இதன் பலகையை அதில் மாட்டலாம். முழுச் சேதம் என்று எழுதியவர்கள் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்" என்றார்.

பலகையை எடுக்கத் தட்டெழுத்துப் பகுதியைக் கழற்ற வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் கத்தியால் நெம்பி மெல்லத் தூக்கினார். கீழே ஒரு அலுமினியத் தகடு. அதைப் பார்த்துவிட்டு, மேசையிலிருந்த, ஸ்பிரிட்டில் நனைத்த துணியை எடுத்தார்.

"ஏதோ கிறுக்கல். துடைத்துவிடுகிறேன்."

எட்டிப் பார்த்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் அழுத்தமாகவே பிடித்துவிட்டேன் போல. பக்கத்து மேசையில் டோஸ்டர் பார்த்துக்கொண்டிருந்த பெண் திரும்பினாள்.

பென்சில் எழுத்து. தமிழ். பொடிப் பொடியாக.

"ராசு, ஃபைலுங்க தொறக்குதான்னு பாக்கறப்ப உன் கட்டுரை கண்ணுல பட்டுது. சூளைய நான் தொறந்தேன்னு எழுதியிருக்க. நீ என்ன மன்னிச்சிட்டன்னும் எழுதியிருக்க. பிராது எழுதிகினு மணவாளநல்லூர் வரைக்கும் போனேன். எதிரின்னு உன் பேரப் போட்டுக் கட்ட மனசு வரல. அதான் இதுல எழுதுறேன். டிஸ்க்கு நல்லா இருக்குது. எங்கிட்டதான் இருக்குது. நீயா வந்து கேளு. கொளஞ்சி."

"என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார் வெர்னர்.

"ஒரு மனு" என்றேன்.

"யார் மேல்?"

துணியை அவர் கையிலிருந்து வாங்கித் தள்ளி வைத்தேன்.

7

தள்ளிப் போட்டதற்கு வந்துவிட்டேன்.

அன்றைக்குச் சூளை இன்னும் ஆறவில்லை. மறுநாள் வரை ஆறவிட வேண்டிய சரக்கு. லாரி வாசலில் நின்றது, முதலாளி இரண்டு முறை போன் செய்துவிட்டார். கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டால் சீக்கிரம் ஆறும் என்று பட்டது. குளிர்ந்த காற்று உள்ளே போனதும் சத்தம் கேட்டது: டிங். டிங். டிங். கொலுசு அவிழ்ந்து விழுவதுபோல அழகான சத்தம். ஒவ்வொரு டிங்கும் ஒரு கீறல். ஒரு சூளைச் சரக்கு அரை மணி நேரத்தில் முழுதாக வெடித்தது.

திறந்தது நான். சூளைக்குப் பொறுப்பான, டிப்ளமோ படித்த சூப்பர்வைசர்.

கொளஞ்சி அப்போது கொட்டகையிலேயே இல்லை. டீ வாங்கப் போயிருந்தான். திரும்பி வந்தவன் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டான். என் முகத்தைப் பார்த்தான். எனக்கு ஜெர்மனி வேலைக்குக் கடிதம் வந்திருந்தது. யூனிட்டில் கொடுக்கும் அனுபவச் சான்றிதழ் மட்டும்தான் பாக்கி. நிலா பிறந்து நான்கு மாதம். முதலாளியின் வண்டிச் சத்தம் வாசலில் கேட்டதும் கொளஞ்சி எனக்கு முன்னால் போய் நின்றான்.

"நான்தான் தொறந்தேன் சார். தெரியாம பண்ணிட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு வந்த சான்றிதழில் 'பொறுப்பானவர்' என்று எழுதியிருந்தது.

எட்டு வருடங்களுக்கு முன் இந்தப் பத்திக்கு அதை எழுத உட்கார்ந்தபோது, 'நான் திறந்தேன்' என்றுதான் தொடங்கினேன். இரண்டு நாள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு 'நான்' இருந்த இடத்தில் 'என் நண்பன்' என்று போட்டேன். கட்டுரை தானாக ஓடியது. கடைசியில் அவனை நான் மன்னிக்கிற இடம் நன்றாக வந்திருப்பதாக நீங்கள் கடிதம் எழுதினீர்கள். கொளஞ்சி பத்திரிகை படிக்கிறவன் இல்லை என்ற தைரியம் எனக்கு. பிறகு அந்தக் கட்டுரை இருந்த கணினியை நானே கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தேன். அது உள்ளே இருப்பதையே மறந்துபோயிருந்தேன். என் துரோகத்தில் இந்த மறதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவனுக்குக் கட்ட மனசு வரவில்லை. நான் கட்டிவிட்டேன்.

8

தேவாலயத்து வாசற்படியில் உட்கார்ந்து ஒரே வரி எழுதி அனுப்பினேன்: "கீபோர்டுக்கு அடியில படிச்சேன்."

நீலக் கோடுகள் விழுவதற்கு முன்பே போன் வந்தது.

"தொறந்திட்டியா?" என்றான். ஆறு வருடத்தில் குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது.

"தொறந்துட்டேன்."

"இந்த வாட்டியாவது ஆறவுட்டுத் தொறந்தியா?"

நான் அழுதேன். அவன், "சரி, சரி, ஐ.எஸ்.டி. காசு எனக்கு ஏறுது" என்றான். வாட்ஸ்அப்பில் காசு ஏறாது என்று அவனுக்கா தெரியாது.

"அன்னிக்கே ஏன்டா கேக்கல?"

"கேட்டிருந்தா சாரிடான்னு சொல்லிட்டு பிளைட் ஏறியிருப்ப. உன்ன எனக்குத் தெரியாது?"

"டிஸ்க்கு..."

"பாப்பா பேசுனது எல்லாம் இருக்குது. நான் தொடல. ரெண்டு பக்கம் படிச்சேன், மாவு சலிக்கிறத. அதோட மூடிட்டேன்." பிறகு சொன்னான், "கொரியர்ல அனுப்ப மாட்டேன். வந்து வாங்கிக்க. வரதுக்கு முன்னாடி, எங்க தப்பா எழுதுனியோ அங்கயே சரியா எழுது. நீ எழுதுனது வந்த பொஸ்தகத்த எம் பையன் எங்கயோ பாத்துட்டான்டா. படிச்சிட்டு, 'நீயா தொறந்தப்பா?'ன்னு கேட்டான். ஆமான்னு சொல்லிட்டேன்."

மடியில் திறந்து கிடந்த கணினியைப் பார்த்தேன். பென்சில் எழுத்து வெயிலில் சாம்பலாக மின்னியது.

"அக்கா பிராது கட்டியிருக்குது. உம்மேல" என்றேன்.

"தெரியும். எழுதிக் குடுத்தவரு நம்ம கஸ்டமரு" என்றான் கொளஞ்சி. "நீயே வந்து திருப்பி வாங்கு. நானும் கூட வரேன், வண்டி இருக்குது."

9

வெர்னர் பலகையை மாற்றினார். தட்டெழுத்தை அப்படியே, துடைக்காமல் மூடச் சொன்னேன். மூத்த டிஸ்க்கைக் கழற்றச் சொன்னேன். அந்த இடம் காலியாக இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் காற்றாடி ஓடுகிறது, திரை வெளுக்கிறது, தேட ஒன்றும் கிடைக்காமல் ஒரு கோடு மட்டும் விட்டு விட்டு மின்னுகிறது. ஜனவரியில் அதை இந்த நிலையிலேயே கையில் எடுத்துக்கொண்டு விருத்தாசலம் போகிறேன்.

இதை நிலாவின் புதுக் கணினியில் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துகள் தெரியாமல் தடவித் தடவி வருகிறது. சீக்கிரம் முடி என்று அவள் பின்னால் நிற்கிறாள். சின்ன வயதில் அவள் தமிழில் சொன்னதெல்லாம் ஊரில் ஒருவரிடம் பத்திரமாக இருக்கிறது என்றேன். "யார்கிட்ட?" என்று கேட்டாள், ஜெர்மனில்.

கொளஞ்சியிடம். அவன் மகன் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதினேன். தம்பி, உன் அப்பா அன்றைக்கு டீ வாங்கப் போயிருந்தார். சூளையைத் திறந்தது நான்.